கருவறையும் கணிப்பும்

நுழையும்முன்

பெய்யப்போகும் மழையை முன்கூட்டியே கணித்தால் ஏரிக்கரையைப் பலப்படுத்தலாம். பெருகப்போகும் நோயை முன்கூட்டியே கணித்தால் உயிர்களைக் காக்கலாம். கருவுற்ற பெண்களுக்கு ஏற்படும் நீரிழிவு வருங்காலத்தில் எந்த அளவில் இருக்கும் என்பதை மருத்துவ உலகம் எவ்வாறு மதிப்பிடுகிறது? அம்மதிப்பீட்டில் பிழை எங்கே நுழைகிறது? அதனால் தாய்க்கும் சேய்க்கும் விளையும் பயன் என்ன? இவ்வினாக்களுக்கு விடைகாண முற்படுகிறது இப்பாடம்.

இரண்டு உயிர்களின் உணவு

கருவுற்ற பெண்ணிடம், "நீ இப்போது இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவது வழக்கம். அக்கூற்றில் அன்பு உண்டு. ஓரளவு அறிவியலும் உண்டு. கருவில் வளரும் குழந்தைக்கு வேண்டிய குளுக்கோஸ் தாயின் குருதியிலிருந்தே செல்கிறது. அது தடையின்றிச் செல்வதற்கு இயற்கை ஓர் ஏற்பாட்டைச் செய்துள்ளது. பேச்சுவழக்கில் நஞ்சு எனப்படும் தாய்சேய் இணைப்புத்திசு சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் உடலில் இன்சுலினின் செயல்திறனை மட்டுப்படுத்துகின்றன. அதனால் தாயின் தசைகள் எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸ் குறைந்து, குழந்தைக்கு உரிய பங்கு உறுதியாகிறது.

இந்நிலையை ஈடுசெய்யத் தாயின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்க வேண்டும். பெரும்பாலான பெண்களின் கணையம் இக்கூடுதல் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. தாங்க இயலாதபோது குருதியில் குளுக்கோஸ் மிகுகிறது. இதுவே கர்ப்பகால நீரிழிவு ஆகும். இதற்குப் பெரும்பாலும் வெளிப்படையான அறிகுறி எதுவும் இருப்பதில்லை. களைப்பும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இயல்பானவை. ஆதலால், குருதியைச் சோதித்துப் பார்த்தாலன்றி இந்நோயை அறிய வழியில்லை.

குளுக்கோஸ் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும். ஆனால் தாயின் இன்சுலின் செல்வதில்லை. மிகுதியாக வந்துசேரும் குளுக்கோஸைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அதனால் குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது, பிரசவம் கடினமாகிறது. பிறந்தவுடன் தாயிடமிருந்து வந்த குளுக்கோஸ் நின்றுபோக, சுரந்த இன்சுலின் மட்டும் எஞ்சி நிற்பதால் குழந்தையின் குருதியில் சர்க்கரை திடீரெனத் தாழ்கிறது. இவ்விளக்கத்தை 1950களில் முன்வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் யோர்கன் பெடர்சன். இன்றளவும் இத்துறையின் அடிப்படைக் கருத்தாக அது விளங்குகிறது.

எல்லைக்கோடு எங்கே?

ஒரு நோய் எத்தனை பேருக்கு உள்ளது என்று எண்ணுவதற்குமுன், யாரை நோயாளி என்று கொள்வது என்பதை முடிவுசெய்ய வேண்டும். அம்மை, எலும்பு முறிவு போன்றவற்றில் இவ்வினா எளிது. கர்ப்பகால நீரிழிவில் இதுவே முதற்சிக்கல்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓ'சல்லிவன், மகான் என்னும் இருவர் 752 கர்ப்பிணிகளைச் சோதித்து 1964ஆம் ஆண்டு சில எல்லை அளவுகளை வெளியிட்டனர். அப்பெண்களுள் யாருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரக்கூடும் என்பதை அறிவதே அவ்வளவுகளின் நோக்கம். கருவிலிருக்கும் குழந்தைக்கு நேரும் தீங்கு அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை.

குழந்தையை மையமாகக் கொண்ட பேராய்வின் முடிவுகள் 2008இல் வெளிவந்தன. ஒன்பது நாடுகளில் 15 மையங்களில் ஏறத்தாழ 25,000 கர்ப்பிணிகள் அவ்வாய்வில் பங்கேற்றனர். தாயின் குருதிச் சர்க்கரை ஏற ஏறக் குழந்தை பருத்தலும் பிற இடர்களும் படிப்படியாக ஏறுகின்றன என்பது அதன் முடிவு. இந்த அளவுவரை இடரில்லை, இதற்குமேல் இடருண்டு என்று பிரித்துக்காட்டும் படிக்கட்டு எதுவும் தென்படவில்லை. சரிவான பாதை ஒன்றே தென்பட்டது. ஆகவே, எல்லைக்கோடு இயற்கை வரைந்தது அன்று. மருத்துவர்கள் கலந்து பேசி வரைந்தது.

இவ்வாய்வை அடிப்படையாகக் கொண்டு 2010இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று புதிய அளவுகளைப் பரிந்துரைத்தது. வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் குருதியில் 92 மில்லிகிராம், 75 கிராம் குளுக்கோஸ் அருந்திய ஒரு மணிநேரத்தில் 180 மில்லிகிராம், இரண்டு மணிநேரத்தில் 153 மில்லிகிராம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டினாலும் அது கர்ப்பகால நீரிழிவு எனப்பட்டது. இந்தியாவிலோ உணவு உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் அருந்தச் செய்து, இரண்டு மணிநேரம் கழித்து 140 மில்லிகிராம் இருந்தால் நோய் எனக் கொள்ளும் முறை கடைப்பிடிக்கப்படுகிறது.

இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பிற அளவுகள் இயல்பாக இருக்க, இரண்டாம் மணிநேர அளவு மட்டும் 146 ஆக உள்ள ஒரு பெண் இந்திய முறைப்படி நோயாளி. பன்னாட்டு முறைப்படி நலமுள்ளவர். வெறும் வயிற்றில் 95, இரண்டாம் மணிநேரத்தில் 130 என்று உள்ள மற்றொரு பெண் பன்னாட்டு முறைப்படி நோயாளி. இந்திய முறைப்படி நலமுள்ளவர். அவர்களுடைய உடல் மாறவில்லை; அளவுகோலே மாறியது. மேற்கூறிய 15 மையங்களிலும் ஒரே அளவுகோலைக் கொண்டு கணக்கிட்டபோதுகூட, நோயின் அளவு ஓரிடத்தில் 9 விழுக்காடாகவும் மற்றோரிடத்தில் 25 விழுக்காட்டுக்கு மேலாகவும் இருந்தது. அளவுகோலும் மாறினால் ஒப்பீடு என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மூன்று எண்கள் கூறும் பாடம்

இந்தியாவில் இந்நோயின் வளர்ச்சியைக் காட்ட மருத்துவக் கட்டுரைகளில் மூன்று எண்கள் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன: 1982இல் 2 விழுக்காடு, 1991இல் 7.62 விழுக்காடு, 2002இல் 16.55 விழுக்காடு. இவ்வெண்களைக் கண்டவுடன், நோய் காட்டுத்தீயெனப் பரவுகிறது என்னும் அச்சம் எழுவது இயல்பு.

இவற்றைக்கொண்டு வருங்காலத்தைக் கணித்தால் என்ன கிடைக்கும்? 1991க்கும் 2002க்கும் இடைப்பட்ட 11 ஆண்டுகளில் உயர்வு ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் புள்ளிகள். அதே உயர்வு ஒவ்வொரு 11 ஆண்டுக்கும் தொடரும் என்று கொண்டால், 2024இல் 34 விழுக்காடு வரும். இன்னொருவர் அதே எண்களைப் பார்த்து, 11 ஆண்டுகளில் இரு மடங்குக்குச் சற்று மேல் பெருகியுள்ளது, அம்மடங்கே தொடரும் என்று கொண்டால், 2024இல் 78 விழுக்காடு வரும். இருவர் கணக்கிலும் கூட்டல் பெருக்கல் பிழை இல்லை. ஆயினும், ஒருவர் மூன்றில் ஒரு பங்கு என்கிறார். மற்றவர் நான்கில் மூன்று பங்குக்கு மேல் என்கிறார். கடந்தகால எண்களை வெறுமனே நீட்டிப் பார்ப்பது கணிப்பு ஆகாது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

இதைவிட அடிப்படையான குறை ஒன்றும் உண்டு. அம்மூன்று எண்களும் ஒரே ஊரில், ஒரே வகைப் பெண்களிடம், ஒரே அளவுகோலைக் கொண்டு எடுக்கப்பட்டவை அல்ல. 2002ஆம் ஆண்டையொட்டிய ஆய்வு சென்னை, ஈரோடு, பெங்களூரு, திருவனந்தபுரம், லூதியானா முதலிய நகரங்களில் நடைபெற்றது. அந்நகரங்களுக்குள்ளேயே விகிதம் பெரிதும் வேறுபட்டது. நோய் உண்மையாகவே பெருகியிருக்கிறது. ஆனால், அப்பெருக்கத்தில் எவ்வளவு நோயினுடையது, எவ்வளவு அளவீட்டினுடையது என்பதைப் பிரித்தறிய இம்மூன்று எண்கள் போதா.

ஒரே அளவுகோலைக் கொண்டு, ஒரே காலத்தில், பல வகை ஊர்களில் எடுக்கப்படும் கணக்கே நம்பத்தக்கது. அத்தகைய ஆய்வொன்றைத் தமிழ்நாட்டில் மருத்துவர் வீ. சேஷையாவும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்டு 2008இல் வெளியிட்டனர். நகரப்பகுதியில் 4,151 கர்ப்பிணிகளுள் 739 பேருக்கும், சிறுநகரப் பகுதியில் 3,960 பேருள் 548 பேருக்கும், ஊரகப்பகுதியில் 3,945 பேருள் 392 பேருக்கும் கர்ப்பகால நீரிழிவு கண்டறியப்பட்டது. விழுக்காட்டில் இவை முறையே 17.8, 13.8, 9.9 ஆகும். நகரத்தை நோக்கிச் செல்லச் செல்ல நோய் மிகுவதை இவ்வெண்கள் காட்டுகின்றன. ஊரகத்திலும் பத்தில் ஒருவருக்கு நோய் இருப்பதை அவையே காட்டுகின்றன. இது நகரத்துச் செல்வர்க்கு வரும் நோய் என்னும் எண்ணத்தை இவ்வாய்வு தகர்த்தது.

தெரிந்து தெளிவோம்

சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவு நோய்க்கெனத் தனித்துறை உருவாக வழிகோலியவர் மருத்துவர் வீ. சேஷையா. கர்ப்பிணிகளை வெறும் வயிற்றுடன் மீண்டும் வரச்சொன்னால், தொலைவிலிருந்து பேருந்தில் வருவோர் திரும்ப வருவதில்லை என்பதை உணர்ந்து, ஒரே வருகையில் முடியும் எளிய சோதனை முறையை அவரும் அவர்தம் குழுவினரும் வலியுறுத்தினர். தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை செய்ய வேண்டும் என அரசு ஆணையிட்டது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வயதும் பிறப்பும்

நம்பத்தக்க கணிப்பு, மொத்த விகிதத்தை நீட்டுவதில்லை. அதைப் பகுதிகளாகப் பிரிக்கிறது. அவற்றுள் முதன்மையானது தாயின் வயது. வயது ஏற ஏறக் கணையத்தின் ஈடுசெய்யும் ஆற்றல் குறைவதால் இந்நோய் மிகுகிறது. எனவே, எந்தெந்த வயதில் எத்தனை பெண்கள் தாயாகின்றனர் என்பதை அறியாமல் நோயின் எதிர்காலத்தை அறிய இயலாது.

ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு 1,000 பெண்கள் கருவுறுகின்றனர் என்று கற்பனையாகக் கொள்வோம். அவர்களுள் 25 வயதுக்குக் கீழ் 600 பேர். 25 முதல் 34 வயதுவரை 350 பேர். 35 வயதும் அதற்கு மேலும் 50 பேர். இம்மூன்று பிரிவினரிடமும் நோயின் விகிதம் முறையே 6, 12, 24 விழுக்காடு எனில், நோயுற்றோர் 36, 42, 12 என மொத்தம் 90 பேர். அதாவது 9 விழுக்காடு.

சில ஆண்டுகளுக்குப்பின் பெண்கள் உயர்கல்வி கற்று, பணிக்குச் சென்று, சற்றுக் காலம் தாழ்த்தித் தாயாகின்றனர். குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. இப்போது கருவுறுவோர் 800 பேர். மூன்று பிரிவுகளிலும் முறையே 300, 400, 100 பேர். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் நோயின் விகிதம் சிறிதும் மாறவில்லை என்றே கொள்வோம். நோயுற்றோர் 18, 48, 24 என மீண்டும் 90 பேரே. ஆனால், விகிதம் 11.25 விழுக்காடாக உயர்ந்துவிடுகிறது.

இக்கணக்கு ஈருண்மைகளை உணர்த்துகிறது. எந்த ஒரு பெண்ணின் இடரும் கூடாமலேயே சமுதாயத்தில் நோயின் விகிதம் கூடலாம். பிறப்புகள் குறைந்தும் மருத்துவமனையின் சுமை குறையாமல் இருக்கலாம். விகிதம், எண்ணிக்கை ஆகிய இரண்டையும் ஒருங்கே காட்டாத கணிப்பு அரைகுறையானது.

வயதுக்கு அடுத்து வருவது உடல் எடை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மிகை எடையோ உடற்பருமனோ கொண்ட பெண்கள் 2015-16இல் 30.9 விழுக்காட்டினர், 2019-21இல் 40.4 விழுக்காட்டினர். எனவே, நம் கற்பனை வட்டாரத்தில் மாறாதவை என்று கொண்ட 6, 12, 24 என்னும் விகிதங்களும் உண்மையில் மாறாமல் இருப்பதில்லை. வயது, எடை, பெற்றோர்க்கு நீரிழிவு இருத்தல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே நகரும் படிகள். அவை அனைத்தும் சேர்ந்தே கணிப்பை உருவாக்குகின்றன.

உலகக் கணக்கு

இத்தகைய முறையை உலகம் முழுமைக்கும் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு பயன்படுத்தியது. வெவ்வேறு நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி, அவற்றின் அளவுகோல் வேறுபாட்டைச் சரிசெய்து, வயதுவாரியான விகிதங்களைப் பிறப்புகளின் எண்ணிக்கையோடு பெருக்கி மதிப்பிட்டது. அதன்படி 2013இல் உலகில் நிகழ்ந்த பிறப்புகளில் 2.14 கோடி, அதாவது 16.9 விழுக்காடு, தாயின் உயர் குருதிச் சர்க்கரையால் பாதிக்கப்பட்டவை. தென்கிழக்காசிய வட்டாரத்தில் இவ்விகிதம் 25 விழுக்காடு. வட அமெரிக்கா, கரீபிய வட்டாரத்தில் 10.4 விழுக்காடு. பாதிக்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்பவர்கள்.

எட்டு ஆண்டுகளுக்குப்பின், 2021இல், அக்கூட்டமைப்பின் மதிப்பீடு 2.11 கோடி, 16.7 விழுக்காடு. முந்தையதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதைக் கண்டு நோய் நின்றுவிட்டது என்று முடிவுகட்டலாகாது. புதிய ஆய்வுகள் சேர்கின்றன. கணக்கிடும் முறை திருந்துகிறது. பல நாடுகளில் பிறப்புகள் குறைகின்றன. மேலே ஏற்றும் விசைகளும் கீழே இறக்கும் விசைகளும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்துள்ளன. எண்ணைப் படிப்பவர் அதன் உட்கூறுகளையும் படிக்க வேண்டும்.

சோதனைக்கு வராதவர்கள்

கணிப்பில் இன்னொரு மறைவான இடைவெளி உண்டு. இடர் மிகுந்தோர் என்று கருதப்படுவோரை மட்டும் சோதித்தால், சோதிக்கப்பட்டோரிடையே விகிதம் மிகுந்து தோன்றும். சோதிக்கப்படாதோரிடம் உள்ள நோய் கணக்கில் வாராது. கருவுற்ற தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் சோதித்தாலும் பிழை நேரும். தாய்சேய் இணைப்புத்திசுவின் ஹார்மோன்கள் கர்ப்பகாலத்தின் பிற்பாதியிலேயே மிகுதியாகச் சுரக்கின்றன. அதனால்தான் முதல் வருகையில் ஒருமுறையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்று இந்திய அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. நம் குடும்பங்களில் வளைகாப்புக்கு நாள்குறிக்கும் காலமும் ஏறத்தாழ இதுவே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் கரைசலை அருந்திவிட்டு இரண்டு மணிநேரம் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பொறுமை, அவருடைய குழந்தைக்கு மட்டுமன்றி நாட்டின் கணக்குக்கும் துணைசெய்கிறது.

சுழலும் சக்கரம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பிமா பழங்குடியினரிடையே பல பத்தாண்டுகளாக நீரிழிவு ஆய்வு நடைபெற்றுள்ளது. அங்கே ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டு, 2000ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியானது. தாய்க்கு நீரிழிவு வருவதற்குமுன் பிறந்த பிள்ளைகளைவிட, வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு பன்மடங்கு மிகுந்திருந்தது. பெற்றோர் ஒருவரே, குடும்பம் ஒன்றே. எனவே, மரபணுவால் மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. கருவறைச் சூழலும் குழந்தையின் எதிர்காலத்தை வடிக்கிறது.

தாய்க்கும் இது பிரசவத்தோடு முடிந்துவிடுவதில்லை. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் இடர், ஏனையோரைவிட ஏழு மடங்கு என 2009இல் வெளியான தொகுப்பாய்வு மதிப்பிட்டது. இன்று கருவில் மிகைச் சர்க்கரையோடு வளரும் பெண்குழந்தை, கால்நூற்றாண்டு கழித்துத் தானும் அவ்விடருடன் தாயாகக்கூடும். ஒரு தலைமுறையின் நோய் அடுத்த தலைமுறையின் நோய்க்கு வித்திடுகிறது. வயதையும் எடையையும் மட்டும் பெருக்கிக் காணும் கணக்கில் இச்சுழற்சி அடங்குவதில்லை.

பொய்க்க வேண்டிய கணிப்பு

சக்கரம் சுழல்கிறது என்றால், அதை ஓரிடத்தில் நிறுத்தினால் அதன் தொடர் விளைவுகளும் நிற்கும் என்பதே பொருள். ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் 1,000 கர்ப்பிணிகளிடம் நடைபெற்று 2005இல் வெளியான ஆய்வில், கர்ப்பகால நீரிழிவுக்கு முறையான மருத்துவம் பெற்றோரின் குழந்தைகளுள் 1 விழுக்காட்டினருக்கே கடுமையான பாதிப்பு நேர்ந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரிடம் அது 4 விழுக்காடாக இருந்தது. மருத்துவத்தின் முதற்படி உணவு ஒழுங்கும் உடலுழைப்புமே. அவற்றால் கட்டுப்படாதபோதே மருந்தும் இன்சுலினும் தேவைப்படுகின்றன. பிரசவத்துக்குப் பின்னரும் இப்பயன் தொடர்கிறது. முன்பு கர்ப்பகால நீரிழிவு வந்து, மீண்டும் நீரிழிவின் விளிம்பில் நின்ற பெண்கள் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டபோது, நோய் வரும் இடர் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

இங்குதான் நோய்க் கணிப்பு, வானிலைக் கணிப்பினின்று வேறுபடுகிறது. மழை வரும் என்று சொல்வதால் மழை நிற்பதில்லை. நோய் பெருகும் என்று சொல்வதால், அதைக் கேட்டோர் செயல்பட்டு நோயைக் குறைக்க இயலும். அப்போது கணிப்பு பொய்த்துப்போகும். அவ்வாறு பொய்ப்பதே அதன் வெற்றி. ஆகவே, நேர்மையான கணிப்பு "இத்தனை விழுக்காடு ஆகும்" என்று முடித்துவிடாது. "இன்ன அளவுகோலைக் கொண்டால், இன்ன வயதில் தாயானால், இவ்வாறே எடை கூடினால், ஒன்றும் செய்யாவிட்டால்" என நிபந்தனைகளையும் சேர்த்தே கூறும். அந்நிபந்தனைகளில் சில நம் கையில் உள்ளன. அவற்றை அடையாளம் காட்டுவதே எண்களின் பணி. மாற்றிக்காட்டுவது மக்களின் பணி.

கலைச்சொற்கள்

பரவல் விகிதம் – குறிப்பிட்ட மக்களுள் நோய் உள்ளோரின் பங்கு
எல்லை அளவு – நோய் உண்டு எனக் கொள்வதற்கு வகுத்த குறைந்தபட்ச அளவு
தாய்சேய் இணைப்புத்திசு – கருவிலுள்ள குழந்தைக்குத் தாயிடமிருந்து உணவையும் உயிர்வளியையும் கடத்தும் உறுப்பு
தொகுப்பாய்வு – பல ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கிணைத்துக் காணும் ஆய்வு

கற்பவை கற்றபின்

1. பாடத்தில் உள்ள கற்பனை வட்டாரத்தில், 35 வயதும் அதற்கு மேலும் உள்ள பிரிவினரின் நோய் விகிதம் 24இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தால், 800 கர்ப்பிணிகளுள் நோயுற்றோர் எத்தனை பேர் எனக் கணக்கிடுக.
2. "எல்லைக்கோடு இயற்கை வரைந்தது அன்று" – இத்தொடரைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
3. உங்கள் பகுதியிலுள்ள கிராம சுகாதாரச் செவிலியரைச் சந்தித்து, கர்ப்பிணிகளுக்குச் செய்யப்படும் சோதனைகள் குறித்துக் கேட்டறிந்து, ஒருபக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.
4. "கணிப்பு பொய்ப்பதே அதன் வெற்றி" என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.